புல் வெட்டும் மெஷினை எங்கே வைப்பது, ஏழு கேன் பழைய ஆயிலை யாரிடம் கொடுப்பது?

ஸ்டோர்ஸ்காரர் (ராமமூர்த்தி நகர், பெங்களூரு) கேட்டது:

வணக்கம். 48 வீடுகள் உள்ள அபார்ட்மெண்ட் எங்களுடையது. ரிட்டயர் ஆனவன் சும்மாதானே இருக்கிறான் என்று போன ஜனவரியில் என்னை அசோசியேஷன் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். 31 வருடம் ஓர் ஆலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்த தொழில் இரண்டு: எண்ணுவது, பூட்டுவது. இப்போது அந்தப் பூட்டினால்தான் வம்பு வந்திருக்கிறதோ என்று சந்தேகம்.

பில்டர் விளம்பரப் படத்துக்காகப் போட்ட புல்தரை மூவாயிரம் சதுர அடி இருக்கும், மெக்சிகன் புல். அதை வெட்ட ஒரு பெட்ரோல் மெஷின், ஃபோர் ஸ்ட்ரோக். ஓரங்களுக்கும் களைக்கும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் ஒன்று. வேலிச் செடி கத்தரிக்க கரண்டில் ஓடும் டிரிம்மர். போதாததற்கு, வீடு காலி செய்து போன ஒருவர் அன்பளிப்பாக விட்டுப்போன இலை ஊதும் மெஷின், பேட்டரி வைத்தது. அந்த பேட்டரி ஒரு பக்கம் கொஞ்சம் உப்பியிருக்கிறது.

முன்பெல்லாம் இவை கிளப் ஹவுஸுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் கிடந்தன. இரண்டு வருடம் முன்பு அங்கிருந்து ஒரு பிரஷ் கட்டர் களவு போனது. உடனே எல்லாவற்றையும் பேஸ்மெண்டில் ஜெனரேட்டர் பேனல் ரூமை ஒட்டிய ஒரு சின்ன அறைக்குக் கொண்டுவந்தார்கள். இரும்புக் கதவு, ஏழு லீவர் பூட்டு. எலி வருகிறது என்று மாலி (தோட்டக்காரர்) சொன்னதால் கதவுக்கு அடியில் இருந்த இரண்டு விரல் இடைவெளியை ரப்பர் பட்டை வைத்து நானே அடைத்தேன். ரொம்பப் பெருமையாகத்தான் இருந்தது.

போன மாதம் ஆயுத பூஜை. எங்கள் மாலி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பெரியவர், மெஷின்களைத் துடைத்து சந்தனம் குங்குமம் வைத்து, கதவில் வாழைக்கன்று கட்டி அந்த அறை வாசலிலேயே பூஜை போட்டார். பெட்ரோல் கேனுக்கும் ஒரு பொட்டு. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே எனக்கு மூக்கில் பெட்ரோல் வாசனை ஏறியது. அந்த நேரத்தில் ஒன்றும் உறைக்கவில்லை. பொரி கடலையைக் கையில் வாங்கிய பிறகுதான் உள்ளே ஜில்லென்றது. பெரியவர் அதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்தபடி ஜெனரேட்டருக்குப் போய்விட்டார்.

மறுநாள் அறையைக் காலி செய்து எண்ணினேன். ஏழு கேன்கள். சாக்பீஸால் நம்பர் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்று முதல் மூன்று வரை கறுப்பு என்ஜின் ஆயில். நான்கில் பழைய பெட்ரோல். ஐந்தில் டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குப் பெட்ரோலோடு கலக்கும் ஆயில்) கலந்த பெட்ரோல், எப்போது கலந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆறில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆட்டினால் தண்ணீர் மாதிரி சளக் என்கிறது, மேலே எண்ணெய் மிதக்கிறது. ஏழில் பாதி கேன் நல்ல பெட்ரோல், இதுதான் தற்போது பயன்பாட்டில் இருப்பது. எல்லாமே பிளாஸ்டிக். ஒன்று சமையல் எண்ணெய் கேன், அதன் மேல் சூரியகாந்திப் பூ சிரிக்கிறது.

இவ்வளவு ஏன் சேர்ந்தது என்று பெரியவரிடம் கேட்டேன். "முன்ன எல்லாம் பின்கேட்டு சாக்கடை மோரியில ஊத்திடுவோம் சார், நீங்க வந்து வேணாம்னீங்க, அதான் சேர்த்து வெச்சேன்" என்றார். ஊற்றாதே என்று சொன்னவன் எங்கே கொடுப்பது என்று சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான்.

கடைசியாக, புல். மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை வெட்டினால் எட்டு பத்து சாக்கு வருகிறது. குப்பை ஆட்டோக்காரர் தொடவே மாட்டேன் என்கிறார். இரண்டு நாள் கட்டி வைத்த சாக்கு ஒன்றில் கையை விட்டேன். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி சூடு! இது தானாகத் தீப்பிடிக்குமா?

மெஷினை எங்கே வைப்பது, ஏழு கேனை என்ன செய்வது, புல்லை என்ன செய்வது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை புல் அதிகம் வளராது, மெஷின் சும்மாதான் நிற்கும். அதற்குள் ஒரு வழி செய்ய வேண்டும்.

கார்புரேட்டர் வைத்தியர் (சிவாஜிநகர்):

சார், நான் சின்ன என்ஜின் மட்டும் பார்க்கிறவன். மார்ச் கடைசியில் என் கடை வாசலில் வரிசையாக மெஷின் நிற்கும். எல்லாம் ஒரே கேஸ்: "நவம்பர்ல நல்லா ஓடிச்சு, இப்ப ஸ்டார்ட் ஆகல." பெட்ரோலோடு மூலையில் நிறுத்தியிருப்பார்கள்.

இப்போது நமக்கு வருவது இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி இதே பெங்களூரில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள். அதில் உள்ள எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாக இறங்கிவிடும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு முதலில் போவது அதுதான். கிண்ணத்தைக் கழற்றினால் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும், ஜெட் ஓட்டையில் தேன் காய்ந்த மாதிரி பிசின். பிரஷ் கட்டரில் இன்னும் மோசம், உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் டயஃப்ரம் விறைத்துப்போகும். பழைய மெஷின்களின் புத்தகத்தில் எத்தனால் 10 சதவீதம் வரைதான் ஆகும் என்று போட்டிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்?

ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் டேங்கில் இருப்பதை இரும்பு கேனில் இறக்கிவிடுங்கள். வாயால் டியூப் வைத்து உறிஞ்ச வேண்டாம், நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். பிறகு திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து தானாக அணையும்வரை ஓட விடுங்கள். பேஸ்மெண்டில் ஓட்டாதீர்கள், அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அந்தச் சூட்டிலேயே ஆயில் மாற்றிவிடுங்கள்; அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும், சூடாக இருந்தால்தான் கசடும் சேர்ந்து இறங்கும். ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு டீஸ்பூன் புது ஆயில், கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டு பிளக்கை மாட்டுங்கள். கடைசி இழுப்பில் கயிறு இறுக்கமாகப் பிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது வால்வு இரண்டும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது.

மெஷினுக்கு அடியில் ஒட்டிய ஈரப்புல்லைச் சுரண்டாமல் வைத்தால் தகடு அரித்துவிடும். சுரண்டும் முன் பிளக் கேப்பைப் பிடுங்கி ஓரமாக வையுங்கள். என்ஜின் அணைந்திருந்தாலும் பிளேடைக் கையால் திருப்பினால் ஒரு உதறு உதறும். எங்கள் பையன் ஒருவனுக்கு இரண்டு விரல் நகம் போனது அப்படித்தான். சாய்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல் பக்கம் வரட்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, அடுத்த தடவை ஸ்டார்ட் செய்யும்போது தெருவே வெள்ளைப் புகையாகும். கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டார் ஜன்னல் சாத்துவார்கள்.

நாலாம் நம்பர் கேன் பெட்ரோலை ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். தெளிவாக, ஒரே மாதிரி இருந்தால் கொண்டு வாருங்கள், பார்ட்ஸ் கழுவ எனக்கு ஆகும். அஞ்சாம் நம்பரும் அப்படியே. ஆறைக் கொண்டுவராதீர்கள்.

இனிமேல் டூ ஸ்ட்ரோக்குக்குக் கலக்கும்போது அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கச் சொல்லுங்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்று டேங்க் மூடியிலோ புத்தகத்திலோ இருக்கும். மாலிகள் பாட்டில் மூடியால் அளப்பார்கள். எந்த பாட்டில் மூடி என்று மட்டும் கேட்காதீர்கள்.

புல் பிடிக்காதவன்:

2024 மார்ச்சில் குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்ட ஊரில் மூவாயிரம் சதுர அடி புல் எதற்கு சார்? பிடுங்கிவிட்டு நாலு நாவல் மரம் வையுங்கள். மெஷினும் வேண்டாம், கேனும் வேண்டாம்.

ஸ்டோர்ஸ்காரர்:

சார், எங்கள் புல்லுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்புத் தண்ணீர்தான். மரம் வைக்க எனக்கும் ஆசை. அடியில் பேஸ்மெண்ட் கூரை, மண் ஒன்றரை அடிதான். வேர் எங்கே போகும்?

பீன்யா ஷிப்ட்:

நான் ஒரு ஆலையில் சேஃப்டி பார்க்கிறேன். உங்கள் ரப்பர் பட்டையைப் படித்ததும் டீ புரையேறியது. அண்ணா, முதலில் இன்றைக்கே அதைப் பிய்த்தெடுங்கள். கோபப்படாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். பேஸ்மெண்ட் என்பதே பள்ளம். அங்கே ஒரு மூடிய அறை, அதன் ஒரே அடிவாசலையும் அடைத்துவிட்டீர்கள். பூஜைக்குக் கதவைத் திறந்ததும் உள்ளே தேங்கியது கற்பூரத் தட்டு இருந்த தரைப்பக்கம்தான் வெளியே வழிந்திருக்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்கு ஆவி இருந்தாலே பற்றும். மைனஸ் 40 டிகிரியில்கூட பெட்ரோல் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும், அதனால் "நம்ம ஊர் குளுகுளு" என்பதெல்லாம் கணக்கில் வராது. நெருப்பே வேண்டும் என்றில்லை, பக்கத்து பேனலில் கான்டாக்டர் என்ற தானியங்கி சுவிட்ச் டக்கென்று விழும்போது வரும் பொறி போதும். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றியது அந்த வாழைக்கன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்க மாட்டேன்.

களவுக்குப் பயந்துதான் எல்லோரும் இப்படிச் செய்கிறார்கள். எங்கள் ஆலையிலும் இதே சண்டை: ஸ்டோர்ஸ் கதவை மூடச் சொல்லும், சேஃப்டி திறக்கச் சொல்லும். இதற்கு வழி வலைக் கூண்டு. தரைத்தளத்தில் காம்பவுண்டு சுவரை ஒட்டி, டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், கேஸ் சிலிண்டர் பேங்க் மூன்றுக்கும் தள்ளி, வெல்டு மெஷ்ஷில் நான்கு பக்கமும் அடைத்து மேலே ஒரு ஷீட். பூட்டு எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடுங்கள், காற்று மட்டும் அடியில் போய்வரட்டும். உள்ளே ஒரு சங்கிலி போட்டு மெஷின்களைக் கோத்துவிட்டால் திருடனுக்கும் அலுப்பு.

சட்டமும் இருக்கிறது. 1934-ஆம் வருட பெட்ரோலியம் சட்டம் எட்டாவது பிரிவு: விற்பனைக்கு அல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி, பீங்கான் வகைச் சாடி, அல்லது உலோகப் பாத்திரத்தில். கண்ணாடியும் சாடியும் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் 25 லிட்டர் வரை. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் கிடையாது, சூரியகாந்தி கேன் கிடையவே கிடையாது. உங்களுக்கு ஐந்து லிட்டர் இரும்பு கேன் ஒன்று தாராளம், அதிலும் இரண்டு லிட்டருக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

மெஷினை ஓட்டி முடித்ததும் நேரே உள்ளே தள்ள வேண்டாம். இருபது நிமிடம் வெளியே ஆறட்டும். எரிபொருள் ஊற்றுவதும் ஆறிய பிறகுதான், தரையில் வைத்து, கூண்டுக்கு வெளியே. கூண்டுக்கு உள்ளே இல்லாமல் பக்கத்தில் ஒரு டிரை பவுடர் தீயணைப்பு சிலிண்டரும் ஒரு வாளி மணலும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீர் மேல் ஏறி ஊர்வலம் போகும்.

துடைத்த பனியன் வேஸ்ட் எங்கே போகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. மூலையில் குவிந்திருக்கும், பந்தயம். மூடி உள்ள தகர டப்பாவில் போடச் சொல்லுங்கள். மரச்சாமானுக்குப் பூசும் லின்சீட் ஆயில் பட்ட துணிதான் தானாகவே சூடேறிப் பற்றும், என்ஜின் ஆயில் துணி அப்படிச் செய்யாது. ஆனால் அபார்ட்மெண்டில் பெயிண்டர் ஒருவர் வந்து தன் துணியையும் அதே மூலையில் எறிந்துவிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்டோர்ஸ்காரர்:

ரப்பர் பட்டையைப் பிய்த்துவிட்டேன். கேன்களைச் சுவரோரம் நிழலில் தற்காலிகமாக வைத்து, யாரும் பக்கத்தில் பீடி பிடிக்கக் கூடாது என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதி மாட்டியாயிற்று. பனியன் வேஸ்ட் விஷயத்தில் பந்தயம் நீங்களே ஜெயித்தீர்கள், இரண்டு கூடை.

கறுப்பு ஆயிலுக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. பழைய இரும்புக் கடைக்காரர் லிட்டருக்கு ஏதோ தருகிறேன் என்கிறார். கட்டிட வேலைக்காரர் ஒருவர், கான்கிரீட் ஒட்டாமல் இருக்க சென்ட்ரிங் பலகைக்குத் தடவ வேண்டும் என்று இலவசமாகக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பீன்யா ஷிப்ட்:

இரண்டு பேருக்கும் வேண்டாம். பலகையில் தடவினால் அது மழையில் கழுவிப் போய் அதே மோரிக்குத்தான் வரும். மோரி ராஜகாலுவேயில் (ஊரின் பெரிய மழைநீர்க் கால்வாயில்) சேரும், ராஜகாலுவே ஏரியில். பெல்லந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் எரிந்ததை நாம் டிவியில் பார்த்தவர்கள்தானே.

உங்கள் கையிலேயே வழி இருக்கிறது. ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றுகிறார்களே, அந்த ஆயில் எங்கே போகிறது? 2016-ஆம் வருட அபாயக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலுக்கு முதல் அட்டவணையில் 5.1 என்று தனி எண்ணே உண்டு. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும், ரசீதும் வர வேண்டும். ஜெனரேட்டர் சர்வீஸ்காரரிடம் அந்த டிரம்மில் உங்கள் மூன்று கேனையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதிவு பெற்றவர்கள் யார் என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்கலாம், சர்ச் ஸ்ட்ரீட் பரிசர பவன். ஒரே நிபந்தனை, ஆயிலில் பெட்ரோலோ தண்ணீரோ கலக்கக் கூடாது. கலந்தால் எடுக்க மாட்டார்கள்.

மொட்டைமாடித் தோட்டக்காரி (எச்.எஸ்.ஆர். லேஅவுட்):

சாக்கு தீப்பிடிக்குமா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

ஊரில் ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே புகைந்து எரிந்த கதை கேட்டிருப்பீர்கள். அது வீடு உயரப் போரில் நடப்பது. எட்டு பத்து சாக்கில் சூடு 60 டிகிரி வரை ஏறும், பிறகு காற்றில்லாமல் அழுகி, முகர்ந்தால் கண் எரியும். தீயெல்லாம் வராது. ஆனால் அந்தச் சாக்குகளைப் பெட்ரோல் கூண்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்காதீர்கள், காய்ந்த புல்லுக்குப் பொறி போதும்.

அந்தச் சூடு வீணாகிறதே என்றுதான் எனக்கு ஆதங்கம், அது முழுக்க உரம். புல்லில் தழைச்சத்து அதிகம், தனியாகக் குவித்தால் கொழகொழவென்று ஆகிவிடும். காய்ந்த இலை இரண்டு கூடைக்குப் புல் ஒரு கூடை என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். நம் ஊரில் ஒரு வேடிக்கை: சருகு கொட்டுவது ஜனவரி பிப்ரவரியில், புல் கொழிப்பது ஜூனுக்குப் பிறகு. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. நாங்கள் மழைமரம், பெருங்கொன்றைச் சருகையெல்லாம் பிப்ரவரியில் மூட்டை கட்டி வைத்துவிடுவோம். முதல் வருடம் எங்கள் லேஅவுட்டில் என்னைக் குப்பை சேர்க்கிற பைத்தியம் என்றார்கள். ஜூலையில் அந்த மூட்டைக்கு அடிதடி. இந்த வருடம் உங்களிடம் சருகு இல்லாவிட்டால் தெருக் கூட்டுகிறவர்களிடம் கேளுங்கள், எரிக்காமல் உங்களிடம் தரட்டும். சருகு எரிப்பது எப்படியும் விதிப்படி குற்றம்.

செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி மூன்றடிக்கு மூன்றடி தொட்டி இரண்டு போதும். ஒன்று நிறையும்போது மற்றது பழுக்கும். வாரம் ஒருமுறை கிளறினால் மூன்று மாதத்தில் கறுப்பு மண். எங்கள் ஏரியாவிலேயே ஸ்வச்சாகிரஹ கலிகா கேந்திரா என்று உரம் போடுவதைச் சொல்லித்தரும் இடம் இருக்கிறது. மாலிப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வாருங்கள், கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும் ஏன் வாரி எடுக்கிறீர்கள்? புல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு தடவையில் வெட்டாமல் இருந்தால் துணுக்கு சின்னதாக இருக்கும். அப்படியே தரையில் விட்டால் பத்து நாளில் மறைந்துவிடும். புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில் நான்கில் ஒரு பங்கு வரை அதிலிருந்தே கிடைக்கும், யூரியா செலவு மிச்சம். அதற்குப் பத்து நாளுக்கு ஒருமுறை போதாது, மழையில் வாரம் ஒருமுறை ஓட்ட வேண்டும். பிளேடும் தீட்டியிருக்க வேண்டும்.

உரத் தொட்டிக்குள் போகக் கூடாதவை: ஆயில் சொட்டிய புல், களைக்கொல்லி அடித்த புல், பிரஷ் கட்டர் நைலான் ஒயர் துண்டுகள். அந்த ஒயர் ஆரஞ்சு நிறத்தில் விரல் நீளத்துக்கு அறுந்து விழுந்திருக்கும். உரத்தில் கலந்தால் ஆயுசுக்கும் பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், எனக்கு அனுபவம். வெட்டிய உடனே பொறுக்கி உலர் குப்பையில் போடச் சொல்லுங்கள்.

ஒயிட்ஃபீல்ட் வில்லாவாசி:

உப்பிய பேட்டரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஏழு கேனைவிட எனக்கு அதுதான் பயம்.

அதை இனி சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், திறக்காதீர்கள். மெஷினிலிருந்து சுலபமாக வந்தால் கழற்றி, உலோக முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, வெயில் படாத வெளி இடத்தில் வையுங்கள். வராவிட்டால் நெம்ப வேண்டாம், மெஷினோடு அப்படியே வெளியே வையுங்கள். குப்பை ஆட்டோவில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அமுக்கும் லாரியில் நசுங்கினால் அங்கேயே தீ. 2022-ஆம் வருட பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரித்தவர்கள் பொறுப்பு. பேட்டரி மேல் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியில் பெருக்கல் குறி போட்ட படம் இருக்கும், அது இதற்குத்தான். சர்வீஸ் சென்டருக்கு முதலில் போன் செய்துவிட்டுப் போங்கள்.

நான் முழுக்க பேட்டரி மெஷினுக்கு மாறி மூன்று வருடம் ஆகிறது. ஆயில் வேலை இல்லை, சத்தமும் குறைவு. நான்கு மாதம் சும்மா வைக்கும்போது பாதி சார்ஜில், தனியாகக் கழற்றி வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வைக்கிறேன். ஆனால் உங்கள் மூவாயிரம் சதுர அடிக்கு இரண்டு பேட்டரி வேண்டும், அந்த விலையைக் கேட்டால் உங்கள் பொதுக்குழு உங்களைத்தான் புல்லோடு சேர்த்து வெட்டும்.

ஸ்டோர்ஸ்காரர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கூண்டு வந்துவிட்டது. ஆறடிக்கு நாலடி, பின் காம்பவுண்டை ஒட்டி, வெல்டிங் கூலியும் ஷீட்டும் சேர்த்து 18,500 ரூபாய். பொதுக்குழுவில் "நல்லா இருந்த ரூமை விட்டுட்டு எதுக்கு" என்று ஒருவர் எழுந்தார். கற்பூரக் கதையைச் சொன்னேன். அவர் வீடு அந்த அறைக்கு நேர் மேலே, முதல் மாடி. தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார்.

மாலிப் பெரியவருக்குத்தான் மனசு ஆறவில்லை. "கோழிக் கூண்டுல வெச்ச மாதிரி இருக்கு சார்" என்றார். மெஷின்களைச் சங்கிலியில் கோத்ததும் இன்னும் முகம் சுருங்கியது. பிரஷ் கட்டரை மாட்டுவதற்கு இரண்டு ஆணியும், பிளேடுக்குப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு உறையும் அவராகவே செய்துகொண்டு வந்த பிறகு கொஞ்சம் சமாதானம்.

ஒன்று, இரண்டு, மூன்றாம் நம்பர் கேன்கள் ஜெனரேட்டர் ஆயில் டிரம்மில் சேர்ந்து போயின, ரசீது ஃபைலில். நான்கும் ஐந்தும் வைத்தியர் கடைக்கு. அவர் டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததை நானும் பார்த்தேன். அடியில் ஒரு விரற்கடை அளவுக்குக் கலங்கல் தனியாக நின்றது, நடுவில் கோடு போட்ட மாதிரி. மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார், கலங்கலைத் தனி பாட்டிலில் என்னிடமே திருப்பித் தந்தார். அப்புறம் மெஷினைக் காட்டினேன். பத்து நிமிடம் பேசிவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். மார்ச்சில் வராமல் இருந்தால் போதும் என்றார்.

ஏழாம் நம்பர் பெட்ரோல் மெஷினிலேயே தீர்ந்தது. புது இரும்பு கேனைத் தூக்கிக்கொண்டு மூன்று பெட்ரோல் பங்க் ஏறி இறங்கினேன். முதல் இரண்டில் கேன் என்றதும் கையை ஆட்டிவிட்டார்கள். மூன்றாவதில் மானேஜரிடம் அசோசியேஷன் கடிதத்தைக் காட்டி, எதற்கு என்று விளக்கி இரண்டு லிட்டர் வாங்கினேன்.

பேட்டரி சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டது, சட்டியை மட்டும் பெரியவர் துளசி வைக்க எடுத்துக்கொண்டார். உரத் தொட்டி ஒன்று நிறைந்திருக்கிறது, எச்.எஸ்.ஆர். மேடம் சொன்ன கண் எரிச்சல் இல்லை. சருகு பத்தவில்லை, பிப்ரவரிக்குக் காத்திருக்கிறோம்.

மீதி இருப்பது ஆறாம் நம்பர் கேன், கூடவே இப்போது அந்தக் கலங்கல் பாட்டில். ஜெனரேட்டர்காரர் ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலையையும் ஆட்டினார். இரண்டையும் நன்றாக மூடி, கூண்டின் வெளிப்பக்கம் ஒரு தகரத் தட்டில் வைத்திருக்கிறேன். சாக்பீஸ் நம்பர் மழையில் அழிந்ததால் பெயிண்டில் எழுதியாயிற்று. நாளை பரிசர பவனுக்கு ஒரு கடிதத்தோடு போகிறேன். கலந்த கழிவை வாங்கிக்கொள்கிறவர் யாராவது பெங்களூரில் தெரிந்தால் அதற்கு முன் இங்கே சொல்லுங்கள்.